சொல்தா வீட்டு மதில்ல ஒரு சாமி ஊர்வலம்

கிட்ட வந்து உக்காருங்க. சுவத்துல சுண்ணாம்புல உருவம் பண்ற சுதை வேலையில கை வலியைக்கூடப் பொறுத்துக்கலாம், கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவங்க வாயைப் பொறுக்க முடியாது. கொத்துக் கரண்டி பிடிச்சவங்களுக்கு இது தெரியும்.

குருவிநத்தத்துல ஒரு சொல்தா இருந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷனோட திரும்பினவரு. கப்பல் எகிப்துல நின்னப்போ வாங்கின படத்தைக் காட்டி, அது அப்படியே மதில்ல புடைச்சு நிக்கணும்னாரு. அந்தக் காலத்து எகிப்துக்காரங்க சாமி ஊர்வலம் அது. மொட்டைப் பூசாரிங்க ஒரு படகைத் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. படகு நடுவுல கூண்டு, கூண்டுக்குள்ள சாமி, மேல துணி போட்டு மூடியிருக்கு. நானும் சித்தாள் தனமும் வேலையை ஆரம்பிச்சோம்.

ஒத்தக் கண்ணு

எதிர்வீட்டு ரொசாலியம்மா பூசைக்குப் போறப்பவும் வர்றப்பவும் நின்னு பார்த்தாங்க. வருசா வருசம் மாதா தேர் இழுக்கிற குடும்பம், ஊர்வலம் பாக்காதவங்க இல்லை. ஆனா இங்க எல்லா மூஞ்சியும் பக்கவாட்டுல, ஆளுக்கு ஒரு கண்ணு. படமே அப்படித்தான்னு காட்டினேன். நம்பலை.

"நேரா மூஞ்சி காட்ட மாட்டேங்குறானுங்களே, இன்னாத்த திருடிக்கினு போறானுங்களோ."

மூடின கூண்டு

அந்தப் பேச்சு ஊருக்குள்ள போன நேரம் சரியில்லை. பக்கத்து ஊர்ல அம்மன் சிலை காணாமப் போயிருந்துச்சு. ஊர்த் தலைவரு, பெரியதனம் கோவிந்தசாமி, முறுக்கு மீசையும் கன்னத்து மருவுமா வந்து கூண்டையே முறைச்சாரு. எகிப்துல சாமியை மூடித்தான் தூக்குவாங்களாம்னு சொன்னேன். ஊர்வலம் போறதே சாமியைக் காட்டத்தானேன்னாரு. நியாயமான கேள்விதான்.

"இடிச்சுப் பாக்கப் போறேன். அம்மன் உள்ள இருந்தா நீ போலீஸ் ஸ்டேஷன்ல இருப்ப. மீசை இல்லாதவன் தூக்குறது இன்னா சாமிடா?"

முன் தோள்

கடப்பாரையும் ஆளும் கொண்டார அவரு போயிட்டாரு. உள்ள இருக்கிறது வெறும் செங்கல். ஆனா இடிச்சா வேலை போச்சு, சிலைத் திருடன்னு பேரும் ஒட்டிக்கும். தனம் ஈரச் சுதையை எடுத்து, முன்னால தூக்குற பூசாரிக்குப் பெரியதனத்தோட மீசையை வச்சா, கன்னத்து மருவையும் வச்சா.

அவரு வந்து கடப்பாரையை ஓங்குனதும் கூட வந்தவங்க அந்த மீசையைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க. ஒருத்தன் சொன்னான்: "முன் தோள் நீங்கதான், பெரியதனம்." எங்க பக்கம் திருவிழாவுல சாமி தூக்க முன் தோள் யாருக்குங்கிற சண்டையில சட்டையே கிழியும், அவ்வளவு மரியாதை அதுக்கு. அவரு மூஞ்சி மலர்ந்துச்சு. ஆனாலும் விடலை, உள்ள இன்னா இருக்குதுன்னு கேட்டாரு.

"தூக்கிக்கினு போறவரு நீங்க, நீங்கதான் சொல்லணும் ஐயா"ன்னா தனம்.

எல்லாரும் அவரையே பார்த்தாங்க. கடப்பாரை கீழ இறங்கிச்சு.

"அம்மனா இருந்தா நான் எதுக்குடா தூக்கிக்கினு ஓடறேன்? செங்கல்லாத்தான் இருக்கும்."

கொத்தனார்னு பேரு எனக்கு, ஆனா அவரு தெருமுனை திரும்புறதுக்குள்ள கரண்டி நுனியால அந்த மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கி விட்டது தனம்தான்.