காலிக் கிண்ணத்துக்குச் சாப்பாடு

பதினோரு வருஷமாக அவள் வேலை நரம்பு செல்களுக்குச் சாப்பாடு வைப்பது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் கிண்ணம். அதன் அடியில் கண்ணுக்கே தெரியாத அறுபது மின்முனைகள். மேலே செல்களைத் தூவி வளர்த்தால், அவை விடும் துடிப்பை முனைகள் பிடித்துத் திரையில் காட்டும். அதே முனைகள் வழியாக லேசாக மின்சாரம் கொடுத்து அவற்றைச் சீண்டியும் பார்க்கலாம். மூன்று நாளைக்கொரு தரம் பழைய சத்துத் திரவத்தில் பாதியை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். "எனக்குக்கூட இப்படி வேளாவேளைக்கு வெச்சதில்ல" என்பான் புருஷன்.

அன்று மதியம் ஆய்வகத் தலைவி டாக்டரம்மா குதிக்காத குறை. "அக்கா, உங்க ஏழாம் நம்பர் கிண்ணம் அசத்திடுச்சு! அறுபது முனையும் ஒண்ணா துடிக்குது. நாளைக்கு எல்லாருக்கும் காட்டப்போறேன்."

பெருமை தாங்காமல், கிண்ணத்தைச் செல் வளர்க்கும் பெட்டிக்குள் திரும்ப வைக்குமுன் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தாள். ஒரு செல்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் செல் தூவும்போது, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிளம்பியவள், ஆறாவது கிண்ணத்தோடு நிறுத்தியிருக்கிறாள். மறுநாள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதையும் பார்க்காமலே 'பார்த்தாச்சு' என்று எழுதிவைத்திருக்கிறாள், பாவி.

இந்த மாதம்தான் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மா நாளைக்கு நாலு பேர் முன்னால் இதைத்தானே காட்டப்போகிறார்? டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

"அம்மா, ஏழுல செல்லே இல்ல. நான் போடவே மறந்துட்டேன். பார்த்ததா எழுதினதும் பொய்."

டாக்டரம்மா முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ திரையில துடிச்சது யாரு?"

இருவருமாகத் தேடினார்கள். ஏழாவதைத் துடிப்பு பார்க்கும் கருவியில் ஏற்றும்போது தட்டுப்பட்டிருக்க வேண்டும், மேஜைக்கு அடியில் எர்த் ஒயர் கழன்று தொங்கியது. செல் வளர்க்கும் பெட்டியின் ஹீட்டர் எரிந்து அணையும்போதெல்லாம் அந்த மின்சாரத் தொந்தரவு முனைகளில் ஏறி, திரையில் ஒரு துடிப்பு. டாக்டரம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போங்க அக்கா. காலையில பேசிக்கலாம்."

வேலை போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டுதான் மறுநாள் வந்தாள். பெட்டிக்குள் ஒரு புதுக் கிண்ணம். அதில் டாக்டரம்மா கையெழுத்து: 'இதில் செல் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இப்படி ஒன்று வேண்டும்.'

"இதுக்கும் சாப்பாடு வைக்கணுமாம்மா?"

"வைங்க. இனிமே முதல்ல இதைத்தான் திரையில பார்ப்பேன், இது துடிச்சா பொய்த் துடிப்புன்னு தெரிஞ்சுடும். ஆனா அக்கா, பார்க்காம மட்டும் எழுதாதீங்க."

அவள் பழைய திரவத்தில் பாதியை உறிஞ்சிப் புதுசு ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து ஓரம் விடாமல் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்: 'பார்த்தாச்சு. ஒன்றுமே இல்லை.'