கணுக்கால் வரை மறைக்கும் உடை

வெளிநாட்டில் என் மகனோடு வேலை பார்க்கும் அந்நாட்டுப் பெண் ஒருத்தி போன வருடம் காஞ்சிபுரம் பார்க்க வந்தாள். கோயிலுக்கு என்ன உடுத்துவது என்று முன்பே போனில் கேட்டாள். கணுக்கால் வரை மறைக்கும் உடை, தோள் தெரியாத சட்டை என்று சொல்லியிருந்தேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் என் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். மேலே முழுக்கைச் சட்டை. கீழே, சென்னையில் ஏதோ கடையில் பாவாடை என்று கேட்டு வாங்கிய மெரூன் நிற உள்பாவாடை. புடவைக்குள் கட்டுவது. நாடாவைப் பூப்போல முடிந்து இடுப்போரத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"சரியாக இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மிகச் சரி" என்றேன்.

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வார்த்தை தெரியாமல் இல்லை. மகள் வயதுப் பெண்ணிடம் அதை எந்த வாயால் சொல்வது? மனைவி உயிரோடு இருந்திருந்தால் உள்ளே கூட்டிப்போய் ஒரு நிமிடத்தில் முடித்திருப்பாள். அவளுடைய புடவைகள் பீரோவில்தான் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஷேர் ஆட்டோவில் எதிரே, என்னைத் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர்.

"என்னா சார், புடவை சுத்த மறந்துட்டு வந்துக்கினு இருக்குதா?"

"சும்மா இரும்மா. நாடாவ எம்மாம் அழகா கட்டிக்கினு வந்திருக்குது பாரு!"

"நீயாவது சொல்லும்மா" என்றேன் தாழ்ந்த குரலில்.

"எனக்கு எங்க சார் இங்கிலீஷ் வருது? நீங்கதான வாத்தியாரு!"

ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. அவளும் கூடச் சிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். உன் உடை அழகாக இருக்கிறதாம் என்றேன். அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கோயில் வாசலில் அரைக்கால் சட்டை போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். இவளை விட்டுவிட்டார்கள். "நல்லவேளை, உங்களைக் கேட்டேன்" என்றாள். பிராகாரம் முழுவதும் நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

மறுவாரம் மதுரையில் ஒரு தோழியின் கல்யாணம், இதே மாதிரி பச்சையில் ஒன்று வைத்திருக்கிறேன் என்று பஸ் ஏறும்போது சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன்.

மதுரையில் கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணின் அத்தை அவளை அறைக்குள் அழைத்துப்போய்ப் புடவை கட்டிவிட்டாராம். அதற்குள் மேடையில் எல்லோரோடும் படம் எடுத்தாகிவிட்டது. உங்கள் அப்பாவுக்குக்கூடத் தெரியவில்லையா என்று என் மகனிடம் கேட்டிருக்கிறாள். அவன் போனில் என்னைக் கேட்டான்.

தெரியாது என்று சொல்லிவிடச் சொன்னேன்.