இருபக்கமும் ஓடும் ஆறு

என் மனைவி ஒரு நாட்டை உண்டாக்கி, அதை அழித்தும் விட்டாள். அதற்கு அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது. பகலில் அவள் செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. நான் அதே தோட்டத்துப் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர். கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், பழைய நாள்காட்டித் தாள்களை ஒட்டி ஒட்டிப் பின்பக்கத்தில் வரைந்த அந்த நாட்டின் படம் கிடந்தது. கிழக்கு மலைகளின்மேல் ரசச் சட்டியை வைத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

படம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊரில் உப்பு விளையும், எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் ஆகாது, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது, ராத்திரியில் அதைக் கதையாக எழுதினாள். சில சமயம் என்னிடமும் கேட்பாள். "சேத்து ரோட்டுல பாரம் ஏத்துன வண்டி ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போவும்?" நான் யோசித்துச் சொல்வேன். அடுத்த வாரம் பார்த்தால் என் பேச்சை நம்பி ஒரு படையே கிளம்பியிருக்கும். அந்த நாட்டு அரசர்கள் விடியுமுன் மந்திரிகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்தார்கள், தோட்டத்தில் வேலையாட்களுக்கு ஆஜர் எடுப்பதுபோலவே. பிந்தி வந்த மந்திரிக்கு அன்றைக்கு வேலை கிடையாது. இதைப் படித்துவிட்டு நான் லோரியில் தனியாகச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அந்த நாடு விழுந்த கதைதான் பெரிது. எங்கள் பக்கம் நிலம் தாழ்வு. கடல் ஏறும்போது மதகை மூடவேண்டும், இறங்கும்போது திறந்து உள்தண்ணீரை வெளியே விடவேண்டும். அவள் நாடும் அப்படித்தான். பகைவரின் கப்பல்கள் வருகின்றன என்று கேட்ட ராணி எல்லா மதகுகளையும் மூடச் சொன்னாள், தான் சொல்லும்வரை திறக்கக் கூடாது என்றும் சொன்னாள். கப்பல்கள் மூன்றாம் நாளே திரும்பிப் போய்விட்டன. மலையில் மழை நிற்கவில்லை. அரண்மனைக்குப் போகும் வழியெல்லாம் முழுகிவிட்டதால் திறக்கச் சொல்லி ஆள் வரவில்லை. மதகுக்காரன் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் வாளெடுக்காமல், தன் தண்ணீரிலேயே ஒரு நாடு முழுகியது. படித்து முடித்த அன்று நான் அவளை நிமிர்ந்து பார்க்கவே கொஞ்சம் பயந்தேன். உப்புக்கும் புளிக்கும் என்னோடு சண்டை போடுகிறவளா இதை எழுதினாள்?

தமிழ்ப் புத்தகம் போடும் ஓர் அம்மாவுக்கு எழுத்தையும் படத்தையும் அனுப்பினோம். அவர் கடலை விட்டுத் தள்ளி, ரவாங்கில் இருப்பவர். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் குரல்பதிவாகப் பதில் வந்தது. "கதை ரொம்ப நல்லா இருக்கு அக்கா. ஆனா காலையில கடலுக்குப் போற ஆறு சாயங்காலம் மலைப் பக்கம் திரும்பி ஓடுது. படிக்கிறவங்க சிரிப்பாங்க. ஆறு ஒரு பக்கமே ஓடட்டும். நாடு போர்ல விழட்டும். அப்படி மாத்திக் கொடுங்க, நான் போடுறேன்."

அவள் படத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அன்று மேசை முழுக்க இடம் இருந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்க வந்து ஆத்தப் பாத்துட்டுப் பேசச் சொல்லு," என்றேன்.

"அவங்க எத்தன புத்தகம் போட்டவங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

"நம்ம ஆத்தப் பத்தித் தெரியாது லா."

நானே கூப்பிட்டேன். குரலில் கொஞ்சம் சூடும் இருந்திருக்கும். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன், கடல் ஏறி, சரியாகப் பதினொரு மணிக்கு ஆறு திரும்பியது. அதனால் மறுநாள் பத்தரைக்கு அவரை வரச் சொல்லிவிட்டேன். கடலின் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி என்று பிந்தும். ஜெராமில் மீன் விற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது. என் மனைவிக்கு நன்றாகத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆற்றோரக் கடையில் உட்கார்ந்தோம். பதினொன்று ஆயிற்று. ஆறு உலகத்து ஆறுகளைப்போலக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மீனைப் பாராட்டினார், காற்றைப் பாராட்டினார். பதினொன்றரைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. "சரி மேடம், உங்களுக்கும் நேரமாச்சு, கார் வரைக்கும் வரேன்," என்று எழுந்துவிட்டேன்.

"தேத்தண்ணி வரட்டுங்க," என்றாள் மனைவி, மெதுவாக.

தேநீர் வந்தது. குடித்து முடிக்கும் சமயம், நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்த ஒரு தேங்காய் மட்டை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு வந்த வழியே, மலைப் பக்கம் நகர ஆரம்பித்தது. அந்த அம்மா எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நின்னு திரும்புற இந்த நேரத்த ஏன் அக்கா நீங்க எழுதவே இல்ல?"

"ஆறுன்னா இப்படித்தானே மேடம். இதப் போயி யாராச்சும் எழுதுவாங்களா?" என்றாள் என் மனைவி. அவள் உண்மையாகத்தான் கேட்டாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். முதல் அத்தியாயமே அந்த ஆறாக இருக்கட்டும், வேறு ஓர் எழுத்தையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரில் வீட்டுக்கு வரும் வழியில் நான் கடல் நேரத்தைப் பற்றி அவளைத் திட்டினேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். புதுப் படம், சுத்தமாக வரைந்தது. ஆறுகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. மதகுகள் இல்லை. கூடவே ஒரு போர், நாற்பது பக்கம், அவளுடைய நேர்த்தியான கிராணிக் கையெழுத்தில்.

"ஆறே சொல்லட்டும்னு விட்டேன். அது திரும்புறதுக்குள்ள அவங்க கெளம்பியிருந்தா இதத்தான் குடுத்திருப்பேன்," என்றாள்.

காரை ஓரமாக நிறுத்தினேன். அந்த அம்மாவை அனுப்பிவைக்க முதலில் எழுந்து நின்றவன் நான்.