சந்திரா சோறு

நல்லெண்ணெயும் காயாத துணியும் கலந்த ஒரு வாசனை. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு ஆனி மாதம் வந்துவிட்டதை அதை வைத்தே சொல்லிவிடலாம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஆலங்குளத்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பிள்ளைகுட்டி, ஓரகத்தி, ஓரகத்தியின் தங்கை என்று ஒரு பட்டாளத்தோடு வந்து இறங்கிவிடுவாள். அவர்கள் குளிப்பார்கள், நாங்கள் பொங்கிப் போடுவோம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி இருக்கிறதே, அப்பப்பா, அடுப்படியில் நிற்பவள் நிமிர முடியாது.

எங்கள் தெருவில் எதற்காவது வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தால் அதற்குச் "சந்திரா சோறு" என்று பெயர். பஸ் வரவில்லையா, சந்திரா சோறு. ரேஷன் கடைக்குச் சீனி வரவில்லையா, சந்திரா சோறு. அந்தச் சந்திரா என் சித்தி. சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன்.

சித்திக்குப் பிறந்த ஊர் திருவேங்கடம், வானம் பார்த்த பூமி. பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க வீட்டுல இருந்து கைய நீட்டுனா அருவிதான்" என்று பெருமை அடித்தது இதே அத்தைதான். கல்யாணமாகி வந்த முதல் சீசன் முழுக்கச் சித்தி அடுப்படியிலேயே கிடந்தாள். சித்தப்பாவுக்குப் போலீஸ் வேலை, வெளியூரில். அடுத்த ஆடிக்குள் இடுப்பில் ஒரு பிள்ளை வந்துவிடும், அப்புறம் எங்கே குளிக்க என்று அவளுக்கு ஒரே ஆதங்கம்.

ஒருநாள் அத்தையின் பட்டாளம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனது. காய்ச்சல் விட்ட உடம்பு என்று என்னை மட்டும் விட்டுப் போனார்கள். அரிசியைக் களைந்து வைத்த சித்தி, என்ன நினைத்தாளோ, எண்ணெய்க் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "வாட்டி, அவுக வாரதுக்குள்ள ஓடிப் போயிட்டு ஓடி வந்திருவோம்." வீட்டைப் பூட்டிவிட்டு டவுன் பஸ் ஏறினோம்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல நெரிசல். என்னைக் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் வரவே இல்லை. போலீஸ்கார அம்மா விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனாள். கடைசியில் சித்தி கண் சிவந்து, பல் கிட்ட, சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வந்தால், பூட்டிய வாசலில் அத்தை.

"ஏட்டி, பச்சப் பிள்ளையெல்லாம் பசியில துடிக்கு, நீ தண்ணி சொட்டச் சொட்ட ஆடி அசைஞ்சு வாரியோ? இனி எவனுக்காவது பசிச்சா சந்திரா சோறு திங்கச் சொல்லுங்க, நல்லா வெளங்கும்!"

தெருவே சிரித்தது. சித்தி ஈரத் தலையோடு போய் உலை வைத்தாள். எனக்கு இன்றைக்கும் அத்தைமேல் கோபம் ஆறவில்லை. அந்தப் பேச்சு அதோடு போகவில்லை. சித்தியின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வரும் அளவுக்குப் பரவிற்று. "எம் பேரு என்ன உங்களுக்கு வெளையாட்டுச் சாமானா?" என்று சித்தி தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்கிறாள். என்ன செய்ய, சண்டை போடப் போட அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

இப்போது சொந்தக்காரர்கள் குற்றாலத்திலேயே ரூம் போடுகிறார்கள். போனில் சொன்னால் பிரியாணி வாசலுக்கு வந்துவிடுகிறது. சீசன் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கூடுதலாகக் கிடப்பதில்லை. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்த ஆடியில் வீட்டில் ஒரு விசேஷம். சமையல் தாமதமாகிவிட்டது. அடுக்களையிலிருந்து சித்தியே சத்தம் கொடுத்தாள்: "பொறுங்கடே, இன்னைக்குச் சந்திரா சோறுதான்!"

யாரும் சிரிக்கவில்லை. சித்தியின் பேத்தி மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அது என்ன டிஷ், ஆச்சி?" என்றாள்.

சித்தி கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். "உங்க அத்த இருந்தா இந்நேரம் என்னைய ஒரு வழி பண்ணிருப்பா. இப்போ ஏசுததுக்குக்கூட ஆளில்லாமப் போச்சேட்டி."