கருப்பனுக்கு விட்ட தைலமரம்

ராமக்காளைப் பற்றி யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம் பாவம்! அவள் வயிற்றில் அடித்த ஊர்தானே இது.

வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில், அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் தரிசு அவளுக்கு இருந்தது. தரிசு சோறு போடுமா? புருஷன் செத்த பிறகு நல்லகாமன் வயலில்தான் நாற்று நட்டாள், களை எடுத்தாள். நல்லகாமன் ஊரில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி. கருப்பன் கோயில் தர்மகர்த்தாவும் அவரே. வாயைத் திறந்தால் வசவுதான்.

எண்பத்தொன்றில் ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்கள். தைலமரக் கன்று இலவசம், கன்று பிழைத்திருந்தால் வருஷாவருஷம் மானியம், வளர்ந்ததும் காகித ஆலைக்கு வெட்டி விற்கலாம் என்றார்கள்.

"மரத்த வித்து ஒரு கெணறு வெட்டிப்புட்டேன்னா, சாகுற வரைக்கும் அந்தாளு வயக்காட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேண்ணே" என்றாள் என்னிடம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தாள். மரம் கைப்பருமன் ஆனதும் பிடித்தது சனியன். பந்தலுக்கு ஒரு கம்பு, கொட்டகைக்கு ஒரு கம்பு என்று ஆளாளுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். மரம் குறைந்தால் மானியமும் போச்சு. ஒற்றைப் பொம்பளை எத்தனை நாள் காவல் கிடப்பாள்? ஒருநாள் வரப்போர மரங்களில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, "இம்புட்டும் கருப்பனுக்கு விட்டாச்சு. தொடுறவன் அவன்கிட்டப் பேசிக்கட்டும்!" என்று தெருவில் நின்று கத்தினாள். அப்புறம் ஒரு பயல் இலையைக்கூடக் கிள்ளவில்லை. ஆபீசர்களே அசந்துபோய் அவளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெட்டும் காலம் வந்தது. பரவை ஊரிலிருந்து மரக்கடைக்காரர் வந்து விலை பேசி முடித்தார். வெட்ட வந்த ஆட்களோ துணியைப் பார்த்ததும் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"சாமி மரத்துல கை வைக்க மாட்டோம் தாயி. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

"காவலுக்குத்தாண்ணே அப்பிடிச் சொன்னேன். கருப்பனுக்குத் தெரியாதா?"

கருப்பனுக்குத் தெரிந்திருக்கும். ஊர் கூடி, கோயிலில் வெள்ளையும் சிவப்புமாகத் தனித்தனிப் பொட்டலத்தில் பூக்கட்டிப் போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் அவள் வெட்டி விற்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி சோணைமுத்து பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்லகாமன் கேட்டார், மரத்தை விற்றுக் கோயிலுக்கு மண்டபம் கட்டலாமா என்று. வெள்ளை! அடேயப்பா, வெயிலில் தண்ணீர் சுமந்தவளுக்கு இரங்காத கருப்பன், தர்மகர்த்தாவுக்கு மட்டும் என்ன சுருக்காக உத்தரவு கொடுத்துவிட்டான்!

ராமக்காள் ஆபீசரிடம் ஓடினாள். "மானியம் உங்க கைக்கு வந்துருச்சில்லம்மா? கோயில் விஷயத்துல நாங்க தலையிட முடியாது" என்று அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதே மரக்கடைக்காரர், அதே ஆட்கள். இப்போது யாரும் தயங்கவில்லை. வெட்டிய மரத்தைப் பட்டை உரித்துத்தான் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கூலிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒருபிடி அரிசி இல்லை. ராமக்காளும் வந்து உட்கார்ந்தாள்.

"ஏ ராமக்கா, சுத்தமா உரி. இது முடிஞ்சதும் நம்ம வயலுக்குக் களையெடுக்க வந்துரு" என்றார் வரப்பில் நின்ற நல்லகாமன்.

"வாரேங்கய்யா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.