இருவாச்சி சாப்பிடும்வரை

மார்ச் 4: 12,000
மார்ச் 19: 12,000
ஏப்ரல் 2: 18,000

மழைக்காட்டுச் சுற்றுலா வந்தவர்களுக்கு நாங்கள் திருப்பிக் கொடுத்த தொகைகள் இவை. மூன்றுக்கும் எங்கள் வழிகாட்டிதான் காரணம். முதலாளியின் மனைவிக்கு அண்ணன். பிடித்ததை விடமாட்டார் என்பதால் அவருக்கு அட்டை என்று பெயர்.

காட்டுப் பாதையோரம் ஒரு மரப்பொந்தில் இருவாச்சி அடைகாத்தது. ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டினால்தான் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பெட்டைக்குச் சாப்பாடு. கீழே ஆள் நடமாடினால் ஆண் வராது. ஆகவே அது வந்து போகும்வரை சுற்றுலாவுக்கு வந்த எல்லாரையும் பாதையிலேயே உட்கார வைத்துவிடுவார். அதற்குள் பழங்குடியினரின் நடனம் முடிந்திருக்கும்.

“மச்சான், அவங்க ஆட்டம் பாக்கத்தான் காசு கட்டியிருக்காங்க!” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“அவங்க ஓட்டல்ல போய்ச் சாப்பிடுவாங்க, மாப்ளே. பொந்துக்குள்ள இருக்கிறவ யார்கிட்ட கேப்பா?”

“இன்னொரு தடவை உக்கார வெச்சீங்கன்னா வேலை கிடையாது. உங்க தங்கச்சி அழுதாலும் சரி.”

ஏப்ரல் 16 அன்று மறுபடியும் உட்கார வைத்தார். முதலாளி சொன்னபடியே நீக்கினார். ஆனால் வீட்டில் முதலாளிக்குச் சோறு தண்ணீர் நின்றுபோனது. வேறு வழியில்லாமல், ‘மிகுந்த பொறுமைசாலி’ என்று கணக்கு எழுதும் என்னிடம் ஒரு சான்றிதழ் எழுதி வாங்கி, எங்களுக்குப் போட்டியான நிறுவனத்தில் மச்சானைச் சேர்த்துவிட்டார். அவர்களுக்கும் அதே பாதை, அதே மரம்.

அங்கிருந்து இரண்டு புகார்க் கடிதங்கள் வந்தன. “உங்கள் ஆளை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள்” என்ற கடைசிக் கடிதம் மே 3 அன்று வந்தது.