ஈஸ்டர் சங்கராவில் ருசியில்லை

தவக்காலத்தில் மீனுக்குத் திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை. எங்கள் ராயபுரத்து வீட்டு வழக்கத்தில் கறி, மீன், முட்டை மூன்றும் நாற்பது நாளும் கிடையாது. துறைமுக அலுவலகத்தில் விதிப்புத்தகத்தோடு காலம் தள்ளியவன் நான். வழக்கத்தையும் விதியாகவே நடத்துவேன். இந்த வருடம் மகளின் பிரசவத்துக்காக மனைவி கிறிஸ்துமஸ் முடிந்ததுமே பெங்களூர் போய்விட்டாள். எனக்குத் தயிர்சாதம், ரஸ்க், டீ என்று ஆனது.

ஈஸ்டர் அன்று காசிமேட்டு மீன் சந்தையில் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஈரத் துணியை மென்ற மாதிரி இருந்தது. மறுநாள் மீன்காரம்மாவிடம் முறையாகப் புகார் சொன்னேன்: செவுள் பழுப்பு, ஐஸில் கிடந்த மீன்.

"காலைல போட்ல வந்த மீனு நைனா அது. உன் நாக்கு செத்துகீது, என் மீனைக் கொற சொல்லிகினுகீற."

புகாரை ஏற்காத இடத்தில் வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். தயிர்சாதம் தொடர்ந்தது.

பிறகு சளி, வாய்ப்புண், விடாத இருமல். ஏற்கெனவே வளர்ந்திருந்த கண்புரையின் அறுவைக்கு இரண்டு முறை தேதி வாங்கினேன். இருமுகிறவர் கண்ணில் கத்தி வைக்க முடியாது என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த பேத்தி வீடியோவில் ஒரு மங்கிய பழுப்பு வட்டமாகத்தான் தெரிந்தாள்.

தெருமுனை டாக்டரம்மாதான் முதன்முதலில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் துத்தநாகம் குறைவு. நாக்கு ருசி அறியவும், கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்கள் வேலை செய்யவும் அது துளியளவு வேண்டுமாம். எனக்கு உடனே புரிந்தது: ஆபீசில் எல்லோரும் ஆஜர், ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இல்லை, ஒரு சரக்கும் நகராது.

"ரெண்டு மாத்திரையா போட்டா சீக்கிரம் சரியாகுமா?" என்றேன், அவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு.

"அது ஏறினா தாமிரம் இறங்கும் சார். அப்புறம் வெள்ளை அணுவே குறையும். தினம் ஒண்ணு. முட்டை, நண்டு, கறி, கொண்டைக்கடலை சாப்பிடுங்க. சாப்பாட்டோட டீ வேண்டாம்."

கீழ்ப்படிந்தேன். இருமல் மெல்ல விட்டது. அறுவையின் மூன்றாவது தேதி நிலைத்தது.

கண்கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்துக் காசிமேடு போனேன். மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா நைனா, கோவம் தீந்துச்சா?"

ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கினேன். ரத்தச் சிவப்பு.

"அன்னிக்கும் இதே செவப்புதான்," என்றாள்.

புகாரைத் திரும்பப் பெறுவதற்கும் நடைமுறை உண்டு. எழுத்தில் தர வேண்டும். திரும்பப் பெறுவதாக நான் வாயால்தான் சொன்னேன். அவள் காதில் வாங்காமல் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.